பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்குப் பத்திரமான படுக்கை: முழுமையான வழிகாட்டி

இரட்டைக் குழந்தைகள் வீட்டுக்கு வரும் நாளிலேயே பரிசுகளும் வந்து குவியும். கொசுவலை வைத்த பஞ்சு மெத்தை செட், கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் அணைத்து வைக்கும் குட்டி உருளைத் தலையணைகள், பூப்போட்ட கனத்த போர்வை, பொம்மை. எல்லாம் அன்போடு கொடுத்தவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை குழந்தை தூங்கும் இடத்தில் இருக்கவே கூடாதவை. தூங்கும் கைக்குழந்தைக்குத் தேவை மூன்றே விஷயம்: கெட்டியான தட்டையான படுக்கை, மல்லாந்த நிலை, முகத்தருகே எதுவும் இல்லாத வெற்றிடம். இரட்டையர் வீட்டில் இதை இரண்டு மடங்காக, அதுவும் தூக்கமே இல்லாத பெரியவர்களை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். சிக்கல் அங்கேதான்.

ஆகவே ஏற்பாட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து அழகாக இருக்கிறதா என்று முடிவு செய்யாதீர்கள். அதிகாலை 3 மணிக்குக் கண்ணைத் திறக்க முடியாத ஒருவர், ஒரு கையில் குழந்தையோடு, அதிகம் யோசிக்காமல் செய்தாலும் சரியாக நடக்க வேண்டும். எந்தப் படுக்கைக்கும் அதுதான் பரீட்சை.

இரட்டையருக்கு ஏன் கூடுதல் கவனம்

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியுமுன்பே பிறந்துவிடுகிறார்கள். 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையும் சகஜம். குறைமாதக் குழந்தைக்குக் கழுத்துத் தசை பலம் குறைவு, மூச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை, உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சூடும் நிலைக்காது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணமும், துணியிலோ மெத்தையிலோ முகம் புதைந்து மூச்சடைப்பதும் இவர்களுக்கு அதிகம் நடக்கக் காரணம் இதுதான். ஆபத்து உச்சத்தில் இருப்பது முதல் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை. இத்தகைய மரணங்களில் சுமார் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் நடப்பவை.

இன்னொரு காரணம் பெரியவர்களின் அசதி. ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் என்றால், இரண்டுக்கும் சேர்த்து 16 முதல் 24 முறை. பால் கொடுத்தபடியே அம்மா கண்ணயர்வது விதிவிலக்கல்ல, நடக்கத்தான் போகிறது. அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரே படுக்கையா, தனித்தனியா

வயிற்றுக்குள் ஒன்றாக இருந்தவர்கள், பிரித்தால் ஏங்கிப்போவார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் சொல்வார். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தால் ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கும், அது போதும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இரட்டையரைத் தனித்தனிப் படுக்கையில் படுக்க வைப்பதே விவேகம் என்கிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையோ, மிகச் சிறியவர்களாக இருக்கும்வரை ஒரே பெரிய கட்டிலில் விடலாம், ஆனால் முறையாக விட வேண்டும் என்கிறது. எங்கள் பரிந்துரை: இடமும் பணமும் இடம் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே இரண்டு படுக்கை. காரணம் எளிது. ஒரு குழந்தையின் கை மற்றதன் மூக்கில் விழலாம், ஒருவர் உதைத்த துணி மற்றவர் முகத்தை மூடலாம், இருவர் உடற்சூடும் சேர்ந்து வெப்பம் கூடலாம். மூன்று மாதத்தில் எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள். அப்போது பழக்கத்தை மாற்றும் பாடு மிச்சம்.

வேறு வழியே இல்லை, ஒரே கட்டில்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. கட்டில் குறைந்தது 2 அடிக்கு 4 அடி இருக்க வேண்டும். கூடை, சின்னத் தொட்டில், அம்மா கட்டிலோடு ஒட்டும் சிறு கட்டில் இவற்றில் இரண்டு பேரைப் போடவே கூடாது.
2. இருவரையும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் பாதம் கட்டிலின் ஒரு முனையைத் தொட, மற்றவர் பாதம் எதிர் முனையைத் தொட, உச்சந்தலைகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும். இந்த முறையில் கை நீட்டினாலும் மற்றவர் மூக்கு வரை எட்டுவது குறைவு.
3. இருவருக்கும் நடுவே சுருட்டிய துண்டு, தலையணை, பொம்மை என்று எதையும் தடுப்பாக வைக்காதீர்கள். பாதுகாப்புக்கென்று வைக்கும் அந்தத் துண்டே முகத்தை அடைக்கும்.
4. இருவரையும் ஒரே துணியில் சுற்றாதீர்கள், ஒரே போர்வையால் மூடாதீர்கள்.
5. இருவரில் யாராவது ஒருவர் புரள முயன்றாலே போதும், அன்று இரவே பிரித்துவிடுங்கள். இரண்டாமவர் புரளும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு குழந்தை முதலில் வீட்டுக்கு வந்து, மற்றது தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னும் இருப்பதும் நடக்கும். இரண்டாம் குழந்தை வரும் நாளில் அவசரத்துக்கு இருவரையும் ஒரே படுக்கையில் திணிக்காமல் இருக்க, அதற்கு முன்பே இரண்டாவது படுக்கையைத் தயாராக வைத்திருங்கள்.

கட்டிலும் மெத்தையும்

குழந்தைக் கட்டிலில் பார்க்க வேண்டியது கம்பிகளின் இடைவெளி. 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள், கடைக்காரர் சொல்லை நம்பாதீர்கள். பக்கத் தடுப்பு மேலும் கீழும் நழுவும் பழைய மாடலைத் தூரத்துச் சொந்தம் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தாழ்ப்பாள் தேய்ந்தால் தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கும். 2011 முதல் அமெரிக்காவில் அந்த வகையை விற்கவே முடியாது. மூலைகளில் துணி மாட்டிக்கொள்ளும் அலங்காரக் குமிழ் இருந்தால் அறுத்துவிடுங்கள். திருகுகளை மாதம் ஒருமுறை இறுக்குங்கள்.

கம்பிகளின் உட்பக்கம் கட்டும் மெத்தை போன்ற தடுப்புத் துணியை வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2022-இல் வந்த சட்டம் அதையும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கும் படுக்கைகளையும் தடை செய்தது. சாய்ந்தால் தாடை மார்பை நோக்கிக் குனியும், மூச்சுக்குழாய் மடங்கும். கார் சீட், சாய்ந்த ஊஞ்சல், தள்ளுவண்டி இவையும் அப்படித்தான். பயணத்துக்குச் சரி, இரவுத் தூக்கத்துக்கு இல்லை. கார் சீட்டில் தூங்கிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் தூக்கித் தட்டையான இடத்தில் போடுங்கள்.

மெத்தையைப் பொறுத்தவரை நம்மூரில் இலவம்பஞ்சு மெத்தைதான் பாரம்பரியம். புதிதாக இருக்கும்போது உப்பியிருக்கும், குழந்தை படுத்தால் நடுவில் குழி விழும், மூத்திரம் ஊறினால் கட்டி கட்டியாகும். நாங்கள் சொல்வது தேங்காய் நார் (காயர்) மெத்தை. ஊர் மெத்தைக் கடையில் கட்டிலின் உள் அளவைச் சொல்லி 3 அல்லது 4 அங்குல உயரத்துக்குத் தைக்கச் சொன்னால் கிடைக்கும். வாங்கியதும் இரண்டு சோதனை: நடுவில் உள்ளங்கையால் நன்றாக அழுத்தி எடுத்ததும் பள்ளம் தங்கக்கூடாது; மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது.

மேலே மெல்லிய ரப்பர் ஷீட், அதன்மேல் காட்டன் விரிப்பு, அவ்வளவே. விரிப்பின் நான்கு மூலையையும் அடியில் முடிச்சுப் போட்டு இறுக்குங்கள், அல்லது எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஷீட் வெறும் மேனியில் படாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும். படுமிடத்தில் வியர்த்து வெந்துவிடும். ஒரு குழந்தைக்கு 4 விரிப்பு, இருவருக்கும் 8 இருந்தால், துவைத்துக் காயும்வரை சமாளிக்கலாம். பழைய காட்டன் வேட்டியைக் கிழித்துத் தைத்தால் சிக்கனம், மென்மை இரண்டும் உண்டு.

அறையில் எங்கே வைப்பது

முதல் ஆறு மாதம் குழந்தைகள் பெற்றோர் தூங்கும் அறையிலேயே இருக்க வேண்டும், ஆனால் பெற்றோர் படுக்கையில் அல்ல. 10 அடிக்கு 10 அடி அறையில், 5 அடிக்கு 6¼ அடி பெரிய கட்டிலோடு இரண்டு குழந்தைக் கட்டில் அடங்குமா என்றால் அடங்கும். இரண்டு கட்டிலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சுவரோரம் நீளவாக்கில் வைத்தால் 8 அடி. அதற்கு எதிரே பெரிய கட்டிலை மற்ற சுவரோடு ஒட்டினால் நடுவில் 3 அடி நடைபாதை கிடைக்கும். இரட்டைப் பிரசவத்தில் சிசேரியன் அதிகம், குனிந்து எடுப்பது தையலுக்கு ஆகாது என்பதால் குழந்தை மெத்தை உயரம் பெரிய கட்டிலின் உயரத்தோடு சமமாக இருக்கட்டும்.

பீரோ, பரண், கனமான படம், கடிகாரம் இவற்றின் கீழே வைக்காதீர்கள். ஜன்னல் திரைக் கயிறும் மொபைல் சார்ஜர் ஒயரும் கை எட்டும் தூரத்தில் தொங்கக்கூடாது. எறும்பு வருவது பாலின் வாசனைக்கு. கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழி நல்ல வழிதான், ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசு அதிலேயே முட்டையிடும்.

கட்டில் வாங்க முடியாத வீட்டில்

தரையில் படுப்பது தவறல்ல. சொல்லப்போனால் மெத்தென்ற பெரிய கட்டிலைவிடப் பத்திரம், விழுந்துவிட இடமே இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு கோரைப்பாய், அதன்மேல் நான்காக மடித்த பவானி ஜமக்காளம், மேலே இறுக்கிச் செருகிய காட்டன் துணி. இரண்டு படுக்கைக்கும் நடுவே ஒரு முழம் விடுங்கள், சுவரிலிருந்தும் அதே அளவு. பெரியவர்கள் காலடியில் நடக்கும் வழியாக இருக்கக்கூடாது. மூத்த குழந்தை இருந்தால் அதை வேறு பக்கம் படுக்க வையுங்கள். தூக்கத்தில் உருண்டு வந்து மேலே விழுவது அவர்கள்தான்.

தரைப் படுக்கைக்குக் குடைபோல் விரியும் சின்னக் கொசுவலை ஆளுக்கொன்று போதும். அடியில் மெத்தை இணைத்துத் தைத்த வகையாக இருந்தால் வலையை மட்டும் பிரித்துப் பயன்படுத்துங்கள். வலை முகத்திலோ கையிலோ படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

தூளி பற்றி

தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தூளியில் போட்டால் குழந்தை தூங்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் புடவையின் அடி வளைவில் முதுகு வில்லாக வளைகிறது, தாடை மார்பில் படிகிறது. நிறைமாதக் குழந்தை கழுத்தைக் கொஞ்சமாவது நிமிர்த்தப் பார்க்கும்; 1.8 கிலோ குழந்தைக்கு அந்தப் பலம் கிடையாது. இரு பக்கத் துணியும் முகத்தை நோக்கிச் சரிவதால் உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரிவதுமில்லை. இரண்டு பேரையும் ஒரே தூளியில் போட்டால் இருவரும் அடியில் நழுவிச் சேர்ந்து, ஒருவர் முகம் மற்றவர் தோளில் அழுந்தும். தொட்டில் கட்டை வைத்து அகலப்படுத்தினாலும் அடி வளைவு போவதில்லை.

குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத் தூளி வேண்டாம் என்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. மற்றவர்களுக்கும் இரவுத் தூக்கத்துக்கு வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் கேட்கவே இல்லையென்றால் ஒரு சமரசம்: பகலில், ஒருவர் தூளி அருகிலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தபடி ஆட்டலாம், கண் மூடியதும் எடுத்துத் தட்டையான படுக்கைக்கு மாற்ற வேண்டும். பாட்டியிடம் “தூளி கெடுதல்” என்று வாதாடுவதைவிட, “இது எடை ஏறும்வரை தட்டையாகத்தான் படுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க பாட்டி” என்றால் வேலை நடக்கும்.

மல்லாக்கத்தான்

பால் எதுக்களித்தால் மூச்சுக்குழாயில் போகும், அதனால் ஒருக்களித்துப் போடு என்பார்கள். உடற்கூறு வேறு சொல்கிறது. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. மேலேறி வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் புவியீர்ப்புக்கு எதிராக ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகி, பால் மூச்சுக்குழாய் வாயிலில் தேங்கும். ஒருக்களித்த நிலை நிலையற்றது; ஒரு உதையில் குப்புற விழுந்துவிடும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதாலும் எதுக்களிப்பு குறைவதில்லை, குழந்தை கீழே நழுவுவதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் குப்புறப் போட்டார்களே என்று கேட்பீர்கள். அங்கே மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைக்குச் சில நாள் அப்படிப் போடுவது உண்டு. ஆனால் ஒவ்வொரு மூச்சையும் கருவி பார்த்துக்கொண்டிருக்கும், நர்ஸ் பக்கத்தில் இருப்பார். வீட்டில் அந்த இரண்டும் இல்லை. காலில் மாட்டும் ஆக்சிஜன் சாக்ஸ் போன்ற கருவிகளை நம்பி விதிகளைத் தளர்த்தாதீர்கள்.

அகற்ற வேண்டியவை

கடுகுத் தலையணையையும் உருளைத் தலையணைகளையும் படுக்கையிலிருந்து அகற்றுங்கள். தலை உருண்டையாக வேண்டும் என்பதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம். கழுத்தில் மாலை, செயின், கருப்புக் கயிறு வேண்டாம்; கையில் வசம்பு வளையல் தளர்வாக இருந்தால் வாய்க்குப் போகும்; ஊக்கு எங்குமே வேண்டாம். குளித்தபின் சாம்பிராணிப் புகை பிடிப்பதை விட்டுவிடுங்கள், கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் அந்த அறையில் வேண்டாம். வீட்டில் யார் சிகரெட், பீடி குடித்தாலும் வெளியே குடித்துவிட்டு, கைகழுவி, சட்டை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும்.

சூடும் துணியும்

பிறந்த குழந்தைக்குக் குளிரும் என்று சித்திரை வெயிலில் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேலே போர்வை என்று அடுக்குவது நம்மூர் வழக்கம். அதிக சூடும் திடீர் மரணத்துக்கு ஒரு காரணி. நீங்கள் அணிவதைவிட ஒரே ஒரு அடுக்கு அதிகம், அதுவே கணக்கு. கோடையில் மெல்லிய ஜபலாவும் நாப்பியும் போதும். ஏசி இருந்தால் 26 முதல் 28 டிகிரிக்குள் வைத்து, காற்று நேராகப் படாதபடி திருப்புங்கள்.

தொட்டுப் பாருங்கள், கையால் தெரியும். வயிறும் பாதமும் இளஞ்சூடாக இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர்கிறது, ஒரு அடுக்கு கூட்டுங்கள் அல்லது மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சில்லென்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிடரி வியர்த்திருந்தால் அடுக்கைக் குறையுங்கள். இரட்டையரில் ஒருவர் 2.4 கிலோ, மற்றவர் 1.9 கிலோ என்றால் இருவருக்கும் ஒரே மாதிரி உடை போடக்கூடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எடை குறைந்தவருக்கு மருத்துவர் குல்லா சொன்னால் நாடா இல்லாத, கண்ணுக்கு வழுக்கி வராத குல்லாவாகப் பாருங்கள்.

துணியில் சுற்றுவதானால் மெல்லிய துணியில், மார்புப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக, இடுப்பும் காலும் மடங்கி விரிய இடம் விட்டுச் சுற்றுங்கள். காலை நேராக நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகும். புரளப் பார்க்கும் நாளில் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

இரவு வேலையைப் பங்கிடுவது

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் நேர அட்டவணை கிடையாது. ஆனால் ஒரு ஒழுங்கு உதவும்:

1. இரவு 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை ஒருவர் பொறுப்பு. அப்பா, அம்மாவின் அம்மா, மாமியார் யாராக இருந்தாலும் சரி. அம்மா பால் கொடுக்க மட்டும் எழுவார். ஏப்பம் விடுவது, துணி மாற்றுவது, படுக்கையில் போடுவது பொறுப்பாளர் வேலை.
2. ஒரு குழந்தை பாலுக்கு எழுந்தால் மற்றதையும் எழுப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் அம்மாவுக்கு இரவு முழுக்கத் தூக்கம் இருக்காது.
3. இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் வளைவுத் தலையணை, பால் முடிந்த கணமே விலக வேண்டும். அதன்மேல் குழந்தை தூங்கினால் தலை பின்னுக்கோ முன்னுக்கோ மடங்கும்.
4. தோளில் 10 நிமிடம் நிமிர்த்தி வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, முகம் தெரிகிறதா என்று ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் நீங்கள் படுக்க வேண்டும்.

சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் இரவில் பால் கொடுக்காதீர்கள். கண்ணயர்ந்தால் குழந்தை கைக்கும் குஷனுக்கும் நடுவே நழுவும். தூங்குமிடங்களில் மிக ஆபத்தானது அதுதான். தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், தலையணையும் போர்வையும் விலக்கிய பெரிய கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது அதைவிட மேல். விழித்ததும் குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். 37 வாரத்துக்கு முன் அல்லது 2.5 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தையோடு பெரியவர்கள் ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது. குடித்தவர், புகை பிடிப்பவர், தூக்க மாத்திரையோ மயக்கம் தரும் வலி மாத்திரையோ சாப்பிட்டவர் எந்தக் குழந்தையோடும் கூடாது.

எடை குறைந்தவர்களுக்கு, வெறும் மேனி படும்படி மார்போடு கட்டி வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு பெரும் பலம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைத்தது. ஒருவரை அம்மா, மற்றவரை அப்பா மார்போடு கட்டிக்கொள்ளலாம். வார்டில் கற்றுக்கொடுத்த கட்டு, தலை ஒரு பக்கம் திரும்பி மூக்கு தெரியும் நிலை, இவை மாறக்கூடாது. கண் சொருகும்போது குழந்தையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தலை தட்டையாகாமல் இருக்க

இருவரும் எப்போதும் ஒருவரையொருவர் பார்த்தபடி, அல்லது அம்மா இருக்கும் பக்கமே திரும்பிப் படுப்பார்கள். அதனால் ஒரே பக்கம் தட்டையாகும். வாரம் ஒருமுறை இருவர் படுக்கையையும் இடம் மாற்றுங்கள், ஒவ்வொரு தூக்கத்துக்கும் தலையைப் பக்கம் மாற்றித் திருப்பிப் போடுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம். ஏழாவது வாரத்துக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கூட்டலாம்.

உடனே மருத்துவமனைக்கு

ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 60-ஐத் தாண்டுகிறது, மறுபடி எண்ணினாலும் அப்படியே, மார்புக் கூடு உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, பால் குடிக்க எழுப்பவே முடியவில்லை, அக்குள் வெப்பம் 37.5 டிகிரியை எட்டுகிறது அல்லது 35.5-க்குக் கீழே போகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருவருக்கு வந்தால் இன்னொருவரையும் கூடவே காட்டிவிடுங்கள், தொற்று இருவருக்கும் பரவியிருக்கலாம்.

எப்போது என்ன மாறும்

வயதைக் கணக்கிடும்போது குறைமாதத்தைக் கழித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்னே பிறந்தவர்கள் ஐந்தாம் மாதத்தில் மூன்று மாதக் குழந்தை செய்வதைச் செய்வார்கள். தானாக இரு பக்கமும் புரளக் கற்றவர், தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் எழுப்பித் திருப்ப வேண்டியதில்லை, மல்லாக்கப் போட்டால் போதும். உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தளத்தைக் கீழ்த் துளைக்கு இறக்கிவிடுங்கள். கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் அது மிகக் கீழே இருக்க வேண்டும். இருவரில் முந்திக்கொண்டவரைப் பார்த்து இரண்டு கட்டிலையும் ஒரே நாளில் இறக்குங்கள்.